சார்ஜரைப் பிடித்த கை

எங்கள் கோட்டைக்குப்பத்தில் எல்லம்மாவைப் பற்றி ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. மகளுக்கு லேப்டாப்பில் இண்டர்வியூ நடந்ததாம். சார்ஜர் அடுப்பு மாதிரி கொதித்ததாம். கையை எடுத்தால் லேப்டாப் அணைந்துவிடும் என்று, உள்ளங்கை வெந்துபோகிற வரைக்கும் எல்லம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தாளாம். மீன் ஏலம் போடுகிற இடத்தில் சொல்கிறார்கள், குழாயடியில் சொல்கிறார்கள். எங்கள் சர்ச்சில் அன்னையர் தினத்தன்று ஒருத்தர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கச் சொன்னார். என் கடைக்கு ரீசார்ஜ் பண்ண வருகிறவர்கள் என்னிடமே வந்து, "எப்சிபாக்கா, உனுக்கு விசயம் தெரியுமா?" என்று ஆரம்பிக்கிறார்கள். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தவள். எனக்கா தெரியாது?

கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லைக் கடித்தாளாம், பொறுத்தாளாம். பொறுப்பதற்கு அங்கே என்ன இருந்தது? அந்தக் கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. சுட்டதும் தெரியவில்லை, தோல் வெந்ததும் தெரியவில்லை. அவள் விரல்கள் மரத்துப்போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவள் மகள் ஜமுனாவுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று இரண்டு பேரும் சேர்ந்து மறைத்தோம். எல்லம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எல்லம்மா பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. பெண்கள் வரிசையாகத் தண்ணீரில் மண்டியிட்டு உட்கார்ந்து, அடியில் இருக்கும் சேற்றை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே நகர்வார்கள். கை இரண்டும் வேலையில் இருப்பதால், பனையோலையில் முடைந்த பறியை வாயில் கடித்துக்கொண்டிருப்பார்கள். விரலில் இறால் தட்டுப்பட்டதும் அமுக்கி மூடி, அப்படியே பறிக்குள் போட வேண்டும். தண்ணீர் கலங்கலாகக் கிடக்கும், குனிந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. விரல் நுனி சொல்வதை வைத்துத்தான் பிழைப்பு. சேற்றில் கிடப்பது கல்லா, நண்டா, இறாலா என்று விரல் சொல்லியாக வேண்டும். எல்லம்மாவின் விரல்கள் நன்றாகவே சொல்லிக்கொண்டிருந்தன. வரிசையில் அவள் பறிதான் முதலில் நிறையும், அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வாயில் பறி இருப்பதால் தண்ணீரில் இருக்கும் வரைக்கும் பேச முடியாது. அந்தக் குறையைக் கரையேறியதும் வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொள்வாள். எடை போடுகிற மாரிக்கு அவளைக் கண்டாலே பயம். "இன்னா மாரி, தராசுல உன் கட்டை வெரலும் சேந்து குந்திக்கினு கீது? அத்தயும் சேத்து எனுக்குக் குடு, கொயம்பு வெச்சுக்கிறேன்" என்பாள். சுற்றி நிற்கிறவர்கள் சிரித்து முடிக்கும்வரை அவனுக்கு எடை ஓடாது. என்னையும் விடமாட்டாள். ஒரு நாள் கடையில் டீ குடித்துக்கொண்டே, "யக்கா, உங்க சாமி ரெண்டே மீன வெச்சு ஊருக்கே சோறு போட்டாராமே. நம்ம மாரிகிட்ட எடைக்கு வந்திருந்தா ஒரு மீன அவன் லவட்டியிருப்பான். ஊரு பாதி பட்டினிதான்" என்றாள். எனக்குக் கோபம் வர வேண்டும். டீ மூக்கில் ஏறுகிற அளவுக்குச் சிரித்தேன்.

அவள் புருஷன் சுப்பன் நல்ல மனிதன். நண்டு பிடிக்கிறவன். ஈரல் கெட்டுப் படுத்தபோது ஜமுனா பதினொன்றாம் வகுப்பு. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், சாப்பாட்டுக்கு எல்லம்மா தண்ணீரில் இறங்கியாக வேண்டும். ஜமுனா யாரிடமும் கேட்கவில்லை. பள்ளிக்கூடப் பையைக் கூரையில் செருகிவிட்டு நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவன் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் பையை எடுக்கவில்லை. எல்லம்மாதான் கெஞ்சி, திட்டி, ஒரு நாள் துடைப்பத்தை எடுத்து விரட்டி, திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். அந்த ஒரு வருஷம் எல்லம்மாவுக்குள் ஆறவே இல்லை. வீட்டில் யாராவது படுத்தால் இந்தப் பெண் படிப்பைத் தூக்கிப் போட்டுவிடும் என்கிற பயம் அவளுக்கு அன்றைக்கு வந்தது.

அப்படி வளர்ந்த பெண் பொன்னேரியில் கல்லூரிக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தாள். காலையில் பஸ் ஏறும்போது எல்லம்மா என் கடை வாசலில் நின்று பார்ப்பாள். பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள்.

லேப்டாப் ஒரு சீனியர் பெண்ணிடம் வாங்கிய பழையது. அதோடு வந்த சார்ஜரின் வயரை எலி கடித்துவிட்டது. அதற்குப் பதிலாகச் சென்னையில் பாரிமுனைப் பக்கம் பிளாட்பாரத்தில் ஒன்று வாங்கி வந்தாள் ஜமுனா. பேர் ஊர் இல்லாத கறுப்பு டப்பா. அங்கேதான் வினை பிடித்தது. சார்ஜர் என்றால் கொஞ்சம் சுடத்தான் செய்யும், என் கடையில் போன் சார்ஜர்களே சுடும். இது வேறு மாதிரி. ஒரு நாள் நகர்த்தி வைக்கலாம் என்று எடுத்தவள், கையை உதறிவிட்டு அதைக் கீழே போட்டேன். ஜமுனாவுக்கும் அதைக் கண்டு பயம். பாயில் வைக்கமாட்டாள், துணி மேல் வைக்கமாட்டாள். காற்றுப்பட வேண்டும் என்று இரண்டு ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவில் தூக்கி வைப்பாள். மேலே ஓலைக் கூரையாயிற்றே.

பேட்டரியும் சோதாதான். அரை நாள் சார்ஜில் கிடந்தால் கொஞ்ச நேரம் ஓடும். அதனால் அதைச் சார்ஜில் போட்டுவிட்டு ஜமுனா துணி துவைக்கப் போவாள், தண்ணீர் பிடிக்கப் போவாள். போகும்போதெல்லாம் அம்மாவிடம் ஒரே பாட்டுத்தான். "யம்மா, அப்பப்போ சார்ஜர தொட்டுப் பாரு. கை வெச்சா தாங்குதுனா வுட்டுடு. தாங்கலனா டக்குனு புடுங்கிடு. மறந்துடாத, இன்னா?"

"சர்தான் போடி. நான் இன்னா கொயந்தையா?" என்பாள் எல்லம்மா.

ஒரு நாள் மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. எல்லம்மா தரையில் உட்கார்ந்து, சார்ஜரை வயரோடு தூக்கித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வைக்கிறாள், எடுக்கிறாள், மறுபடி வைக்கிறாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இன்னாடி எல்லம்மா, கரண்டு டப்பாவக் கொஞ்சிக்கினு கீறே? சுப்பன் மேல இருந்து பாத்தா இன்னா நெனப்பான்?"

வேறு நாளாக இருந்தால் பத்து மடங்காகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்றைக்குப் பிளக்கைப் பிடுங்கி, டப்பாவை ஓட்டுத் துண்டின் மேல் வைத்தாள். அப்புறம் தன் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்து அவற்றையே பார்த்தாள்.

"கையில தெரியலக்கா."

"இன்னா தெரியல?"

"எதுவும் தெரியல. சூடு தெரியல, ஜில்லு தெரியல. மொதல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. அப்பால சாக்கு சுத்துன மாதிரி. இப்ப அதுவும் இல்ல. அவ தொட்டுப் பாருன்றா. நான் இன்னாத்த தொட்டு இன்னாத்த பாக்குறது? கன்னத்துலதான் வெச்சுப் பாக்குறேன்."

"அப்போ தண்ணியில?" என்று கேட்டேன்.

"தண்ணியில இன்னா? எறா வந்து வெரல்ல முட்டுனா கூடத் தெரியல. நானா கைய மூடுறேன், மேல தூக்கி நானா தெறந்து பாக்குறேன். வெறும் சேறு. முயங்கையால தடவிப் பாக்குறேன், முயங்கையில உணர்ச்சி கீது. ஆனா முயங்கையால எப்டிக்கா புடிக்கிறது?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

கொஞ்ச நாளாகவே அவள் பறி காலியாக வருவதை நான் கவனித்திருந்தேன். கேட்டால், "ஏரியில எறாவே இல்லக்கா, துறைமுகம் தோண்டுறானுங்கோ, எல்லாம் ஓடிப்போச்சு" என்பாள். பக்கத்தில் வருகிற பெண்களின் பறி மட்டும் எப்படி நிறைகிறது என்று நான் யோசிக்கவில்லை. அவளோடு வரிசையில் போகிற அங்காளம்மாள் கரையேறும்போது தன் பறியிலிருந்து ஒரு கை அள்ளி எல்லம்மாவின் பறியில் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி முன்னால் நடந்துவிடுவாளாம். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லையாம். அதைச் சொல்லும்போதுதான் எல்லம்மா அழுதாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்றேன். மாட்டேன் என்றாள். திட்டினேன். "உனுக்கு மூளை கீதா? சீக்கிரமா காட்டுனா சரியாப் போவும்டி."

"அவளுக்குத் தெரிஞ்சுடும்கா. தெரிஞ்சா வேலைக்கு அலைய மாட்டா. எங்கூடயே குந்திக்குவா. இல்லனா பறிய அவ வாயில கடிச்சுக்கினு தண்ணியில எறங்கிடுவா. அவ நைனாவுக்கு இன்னா பண்ணானு பாத்தல்ல? வேல கெடைச்சு அவ போவட்டும். அதுக்கப்புறம் நீ எங்க இட்டுனு போனாலும் வர்றேன். அது வரிக்கும் உன் வாயத் தெறக்காத. உன் கொயந்த மேல சத்தியம் பண்ணு."

நான் சத்தியம் பண்ணுகிற ஜாதி இல்லை, எங்கள் வேதத்தில் கூடாது. ஆனால் சொல்லமாட்டேன் என்று சொன்னேன்.

இண்டர்வியூ வந்தது கடைசி செமஸ்டர் முடிகிற சமயத்தில். சென்னையில் ஒரு கம்பெனி. முதல் சுற்றுகளில் தேறிவிட்டாள், இதுதான் கடைசி. வீடியோவில் பேச வேண்டும். அன்றைக்கு அவள் போனில் சிக்னல் சரியில்லை, அதனால் என் போனிலிருந்து நெட் கொடுப்பதற்காக நான் கடையை மூடிவிட்டு வந்து அவர்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். ஜமுனா சுடிதாருக்கு மேல் துப்பட்டாவைப் பின் குத்தி, தலையைப் படிய வாரி, பழைய மேஜை முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் ஓலை தெரியக் கூடாது என்று எல்லம்மாவின் நல்ல புடவை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள்.

பேட்டரி அதற்குள் அடியோடு போய்விட்டிருந்தது. வயரில் கரண்டு இருந்தால் லேப்டாப் எரியும், இல்லையென்றால் பொசுக்கென்று அணைந்துவிடும். சார்ஜர் டப்பாவுக்குள் வயர் நுழைகிற இடம் ஆட்டம் கண்டிருந்தது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தாள். இண்டர்வியூ ஆரம்பிக்கப் போகிற நேரத்தில் இரண்டு தடவை அணைந்தது. ரப்பர் பேண்டை இழுத்துக் கட்டப் போனவளின் கையில் அது அறுந்துவிட்டது. ஜமுனாவின் முகம் வெளுத்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

எல்லம்மா மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். டப்பாவை உள்ளங்கையில் வாங்கி, வயரைக் கட்டை விரலால் ஒரு பக்கமாக அமுக்கினாள். லேப்டாப்பில் விளக்கு எரிந்தது. "இப்டியே புடிச்சுக்கிறேன். நீ பேசு" என்றாள்.

"சுடும்மா."

"சுட்டா சொல்றேன். பேசுடி."

நான் அப்போதே எழுந்து அந்த டப்பாவை வாங்கியிருக்கலாம். ஒரு துணியைச் சுற்றிக் கொடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் லேப்டாப் அணையாமல் இருந்தால் போதும் என்றுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. ஜமுனா இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள். முதலில் குரல் நடுங்கியது, அப்புறம் சரியானது. எதிரே இருந்த ஆள் ஏதோ கேட்டுச் சிரித்தார், இவளும் சிரித்தாள். எல்லம்மா கீழேயிருந்து மகளின் முகவாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை புரியாது அவளுக்கு. மகள் சிரித்தால் இவளும் சிரித்தாள். கையில் அகப்பட்ட இறாலை விடாமல் மூடுகிற மாதிரி அந்த டப்பாவை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

நடுவில் ஒரு நாற்றம் வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ கருவாடு சுடுகிறார்கள் என்று நினைத்தேன்.

பேசி முடிந்தது. ஜமுனா லேப்டாப்பை மூடிவிட்டுத் துள்ளி எழுந்தாள். "நல்லா போச்சும்மா! பெரிம்மா, நல்லா போச்சு!" என்று அம்மாவையும் என்னையும் பார்த்துக் கத்தினாள். எல்லம்மா மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, டப்பாவைக் கீழே வைக்கப் பார்த்தாள். அது கையை விட்டு வரவில்லை. இழுத்ததும் தோலோடு வந்தது.

ஜமுனா போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. எல்லம்மா தன் உள்ளங்கையை, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் வலி இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

"ஏம்மா! சுட்டா சொல்றேன்னியே! ஏம்மா சொல்லல?" ஜமுனா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

எல்லம்மா என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு நொடிதான். அந்தப் பார்வை எதற்கென்று எனக்குப் புரிந்தது. அப்புறம் முகத்தைச் சுளித்தாள், உதட்டைக் கடித்தாள். "யம்மாடி… எரியுதுடி… சொன்னா உன் பேச்சு கெட்டுடாதா? அதான் பொறுத்துக்கினேன்" என்றாள். ஜமுனா அவள் காலடியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். கூடியிருந்த பெண்களும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ஊர் சொல்கிற கதை அந்த இடத்தில்தான் பிறந்தது.

வலித்ததை வலிக்கவில்லை என்று சொல்கிற பெண்களைத்தான் நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். வலிக்காததை வலிக்கிறது என்று சொல்லி நடித்தவளை அன்றைக்குத்தான் பார்த்தேன். இதில் எது கொடுமை என்று கேட்டால் இந்த இரண்டாவதுதான் என்பேன்.

அடுத்த நாள் ஜமுனாவுக்குப் பரீட்சை. அந்தச் சாக்கில் நான் எல்லம்மாவைப் பொன்னேரிக்கு அழைத்துப்போனேன். டாக்டர் புண்ணைப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை கண்டபடி ஏறியிருக்கிறது, எத்தனையோ வருஷமாக இருந்திருக்கிறது, நரம்பைத் தின்றுவிட்டது என்றார். மருந்து சாப்பிட்டால் மேலே பரவாமல் நிறுத்தலாம், போன உணர்ச்சி வருவது கஷ்டம் என்றார். தண்ணீரில், சேற்றில் இறங்கவே கூடாது என்றார். கையில் கிழித்தால் தெரியாது, சீழ் பிடித்தால் தெரியாது, அப்புறம் விரலை எடுக்க வேண்டி வரும் என்றார். எல்லம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்து வேப்பமரத்து நிழலில் நின்றதும், "கஷ்டம்னுதான சொன்னாரு. வராதுனு சொல்லலல்ல?" என்று கேட்டாள். "இல்லடி, வராதுனு சொல்லல" என்றேன்.

ஜமுனாவிடம் தீப்புண் என்று மட்டும் சொன்னோம், சர்க்கரையைச் சொல்லவில்லை. வீட்டில் கட்டு மாற்றுவது ஜமுனாதான். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு எனக்குக் கல் நெஞ்சு வேண்டியிருந்தது. எந்த நேரத்தில் "ஸ்ஸ்" சொல்ல வேண்டும் என்று எல்லம்மாவுக்குத் தெரியாது. மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பஞ்சு புண்ணில் படும்போது ஜமுனாவின் புருவம் சுருங்கும், உடனே இவள், "ஸ்ஸ்… மெல்லடி" என்பாள். ஜமுனா ஊதிவிடுவாள். "இப்ப எரிச்சல் கொறைஞ்சுதாம்மா?" என்பாள். "கொறைஞ்சுதுடி என் தாயே" என்பாள் எல்லம்மா. அந்தக் காற்றுகூட அவள் கைக்குத் தெரியாது.

வேலை கிடைத்துவிட்டது. மெயில் வந்த அன்றைக்கு எல்லம்மா தெருவுக்கே பாயசம் கொடுத்தாள். மாரிக்கு மட்டும் பாதி டம்ளர் ஊற்றி, "மீதிய உன் தராசுல போட்டுப் பாத்துக்கோ" என்றாள்.

ஜூன் மாதம் ஜமுனா கிளம்பினாள். சென்னையில் ஹாஸ்டல். பழவேற்காடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் போனேன். புண் ஆறி, உள்ளங்கையில் ரோஸ் நிறத்தில் தோல் மினுமினுத்தது. ஜமுனா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டி அம்மாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். எல்லம்மாவுக்கு அழுகை வந்தது. அதைக் காட்டாமல் இருப்பதற்காகக் கண்டக்டர் கிருஷ்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"யோவ் கிருஷ்ணா, எம் பொண்ண பொன்னேரி ஸ்டேசன் பக்கத்துல எறக்கி வுடு. முன்னாடியே விசில் அடிச்சு எறக்கிட்டு ஓடிடாத. பெரிய கம்பெனில வேல, தெரியும்ல?"

அப்போது ஜமுனாவின் போன் அடித்தது. பையில் தேடுவதற்காக அவள் அம்மாவின் கையை விட்டுவிட்டுக் குனிந்தாள். எல்லம்மாவின் கை ஜன்னல் கம்பியோரமாக அப்படியே இருந்தது. விரல்கள் எதையோ பிடித்திருக்கிற மாதிரி மடங்கியிருந்தன. கிருஷ்ணனைத் திட்டிக்கொண்டே, பயப்படாதே என்று மகளுக்குச் சொல்வதுபோல அந்த வெறுங்கையை லேசாக ஆட்டிக்கொடுத்தாள். டிரைவர் எஞ்சினைக் கிளப்பினான். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. "ஸ்ஸ்… மெல்லடி, அமுக்காத" என்றாள் எல்லம்மா, திரும்பிப் பார்க்காமலே.

ஜமுனா நிமிர்ந்திருந்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. அம்மாவின் கையையே பார்த்தாள்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். எல்லம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏன்டி எறங்கினே? வண்டி கெளம்புதுடி! இன்னாத்த மறந்துட்ட?"

"ஒண்ணும் மறக்கல. கண்ண மூடு."

"இன்னா வெளையாட்டு இது?"

"மூடும்மா. மூடினாத்தான் ஏறுவேன்."

எல்லம்மா கண்ணை மூடினாள். கையை முன்னால் நீட்டினாள்.

"எந்த வெரல புடிச்சுனு கீறேன்னு சொல்லு" என்றாள் ஜமுனா.

எல்லம்மாவின் முகம் மாறியது. நெற்றி சுருங்கியது. கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது, எந்தச் சாமியைக் கூப்பிட்டாளோ தெரியாது. கிருஷ்ணன் விசிலை வாயில் வைத்தவன் அப்படியே நின்றான்.

"நடு வெரலு" என்றாள்.

ஜமுனா எந்த விரலையும் பிடித்திருக்கவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் பையின் வாரைப் பற்றிக்கொண்டிருந்தன.

அவள் என்னைப் பார்த்தாள். பெரியம்மா, உனக்கும் தெரியுமா என்று கேட்கிற பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, போ என்று சொல்லவும் வரவில்லை. எல்லம்மா கண்ணைத் திறக்காமலே, "கரெக்டா?" என்று கேட்டாள். குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

"கரெக்டும்மா" என்றாள் ஜமுனா.

அப்புறம்தான் அந்தக் கையை எடுத்தாள். எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பஸ்ஸில் ஏறப் போகும்போது என் காதருகே வந்து, "பெரிம்மா, அவள தண்ணில எறங்க வுடாத. உன் கால்ல வுழுறேன்" என்றாள். பஸ் போனது. ஜன்னலில் அவள் முகம் தெரியவில்லை, துப்பட்டாதான் தெரிந்தது.

எல்லம்மா இந்தத் தடவை பஸ் மறைகிற வரைக்கும் பார்க்கவில்லை. தன் நடு விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது உடைந்து அழுவாள் என்று நினைத்து நான் அவள் தோளைப் பிடித்தேன். அவள் முகத்தைத் தூக்கினாள். எத்தனையோ மாதமாக நான் பார்க்காத சந்தோஷம் அதில் இருந்தது.

"யக்கா, கரெக்டா சொன்னேன் பாத்தியா?"

"ம்."

"சும்மா அடிச்சு வுடலக்கா. உம் மேல ஆணையா சொல்றேன். நடு வெரல்ல இன்னாவோ தெரிஞ்சிச்சு. லேசா. நெஜமாவே தெரிஞ்சிச்சு." விரலை மடக்கி மடக்கி நீட்டினாள். "வெரலுக்கு உசுரு வருதுக்கா. அந்த டாக்டரு வராதுனு சொல்லலல்ல? அங்காளம்மா கிட்டச் சொல்லு, நாளைக்கு நானும் தண்ணிக்கு வர்றேன்."

நான் அவள் தோளை விடவில்லை. அவள் என் கையைத் தட்டிவிட்டுச் சிரித்தாள்.

"எம் பொண்ணு புடிச்ச புடி அப்டிக்கா."